நேர்முகப் பரீட்சையும் நெஞ்சுறுதியும்

(எமது சங்கத்து வாலிபர் வட்டத்தின் மாதாந்தக் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



இன்றைய கூட்டத்துக்குச் சமயச் சொற்பொழிவொன்றை எதிர்பார்த்து வந்தவர்கள், அறிவித்தலிலே விமான ஓட்டி உத்தியோகம் என்னும் சொற்களைக் கண்டு வியப்படைந்திருத்தல் கூடும். தேவாரமும் புராணமும் ஓதப்படும் இம்மண்டபத்தில் ஆகாய விமானத்துக்கு என்ன அலுவல் என்று பெரியவர் ஒருவர் வாசலிலேயே எம்மைக் கேட்டும் விட்டார். அலுவல் இருக்கின்றது. நம்முடைய வட்டத்தைச் சேர்ந்த வாலிபர் ஒருவர், வெள்ளிக்கிழமைக் கூட்டுப் பிரார்த்தனைக்கு ஒரு நாளேனும் பிந்தி வராதவர், சென்ற ஆண்டு ஏறத்தாழ நான்கு மாத காலம் இப்பக்கம் தலைகாட்டவில்லை. ஒரு விமானக் கம்பனியின் இறுதி நேர்முகப் பரீட்சை வரையும் சென்று, வருந்துகின்றோம் என்று தொடங்கும் நான்கு வரிக் கடிதத்துடன் திரும்பியவர் அவர். அவருடைய சம்மதத்தைப் பெற்றே இன்று பேசுகின்றோம். அவருடைய பெயரையோ கம்பனியின் பெயரையோ சொல்லப் போவதில்லை. இப்படியான கடிதம் இன்னும் பல வீடுகளுக்கு வரும்; வேறு உத்தியோகங்களுக்காகவும் வரும். அது வரும்போது அவ்வீட்டிலுள்ள இளையவர் என்ன செய்யவேண்டும், மூத்தவர் என்ன செய்யவேண்டும் என்பதே நாம் ஆராய எடுத்துக்கொண்ட விஷயம்.

முதலில் அந்த இழப்பின் அளவை நாம் சரியாக அறிந்துகொள்ளுதல் வேண்டும். விமான ஓட்டி உத்தியோகத்துக்குச் செல்லும் வழி நம்மவர் பழகிய மற்றைய உத்தியோக வழிகளைப் போன்றதன்று. லிகிதர் பரீட்சைக்குத் தோற்றுபவன் புத்தகத்துக்கும் பிரயாணத்துக்குமே செலவு செய்கின்றான். தவறினால் அடுத்த முறை தோற்றுகின்றான். விமான ஓட்டியாக விரும்புபவனோ, பெரும்பாலும், உத்தியோகம் கேட்பதற்கு முன்னரே தன் செலவிற் கற்று முடித்திருத்தல் வேண்டும். சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு வகுத்துள்ள விதிப்படி, ஊதியம் பெற்று விமானம் ஓட்டுவதற்கான அனுமதிப் பத்திரம் வேண்டுவோனுக்கு 18 வயது நிறைந்திருக்க வேண்டும். முதலாந் தர வைத்தியச் சான்று இருக்க வேண்டும். 200 மணித்தியாலம், அங்கீகாரம் பெற்ற தொடர் பயிற்சியாயின் 150 மணித்தியாலம், அவன் பறந்திருக்க வேண்டும். ஆகாயத்திற் கழியும் ஒவ்வொரு மணித்தியாலத்துக்கும் எரிபொருளுக்கும் ஆசிரியருக்கும் பணம் கொடுத்தாக வேண்டும். இவ்வளவும் முடித்துக் கையிலே பெறும் அனுமதிப் பத்திரமோ, நீ விமானம் ஓட்டலாம் என்று சொல்லுமேயன்றி, ஓட்டுவதற்கு விமானம் தருகின்றேன் என்று சொல்வதில்லை.

நாம் குறிப்பிட்ட வாலிபரின் தகப்பனார் ஓய்வுபெற்ற ஆசிரியர். மகனின் பயிற்சிக்காக வளவோடு சேர்ந்த காணித் துண்டொன்றை ஈடு வைத்தார். தாயாரின் நகைகள் வங்கிக்குச் சென்றன. கொழும்பிலிருந்த தமக்கையார் தம் சீட்டுக் காசைக் கொடுத்தார். எனவே அந்த நான்கு வரிக் கடிதம் வந்தபோது, மறுக்கப்பட்டவர் ஒருவரல்லர். ஒரு குடும்பம் முழுவதுமே மறுக்கப்பட்டது போலாயிற்று. படலையைத் திறந்தால், "என்ன தம்பி, எப்ப பறக்கப் போறாய்?" என்று அயலவர் கேட்டனர். அவர்கள் அன்பினாலேயே கேட்டனர். ஆயினும் அக்கேள்விக்கு அஞ்சி அவர் படலைக்கு வராதிருந்தார். பிறகு கோயிலுக்கு வராதிருந்தார். பிறகு உண்பதற்கும் அறையை விட்டு வராதிருந்தார். இத்தகைய ஒருவரிடம் போய், இதெல்லாம் ஒன்றுமில்லை, விட்டுத் தள்ளு என்று சொல்லுதல் ஆறுதலாகாது. ஒன்றுமில்லாததற்கா காணி ஈடு வைக்கப்பட்டது என்று அவர் மனம் உள்ளே கேட்கும்.

துக்கப்படுவதற்கு இடங்கொடுங்கள் என்று நம் சமயமே நமக்குக் கற்பிக்கின்றது. பகவத் கீதை எங்கே தொடங்குகின்றது? பெருவீரனான அருச்சுனன் வில்லை நழுவவிட்டுத் தேர்த்தட்டில் உட்கார்ந்துவிடும் இடத்திலே தொடங்குகின்றது. அந்த முதல் அத்தியாயத்துக்கு அருச்சுன விஷாத யோகம் என்று பெயரிட்டிருக்கின்றார்கள். விஷாதம் என்றால் மனத்துயர். துயரத்தையும் ஒரு யோகமென்று பெயரிட்டு வைத்த பெரியோரின் கருணையை எண்ணிப் பாருங்கள். கண்ணபிரான் அருச்சுனனின் பேச்சை அவன் பேசி முடிக்கும் வரையிலும் கேட்டார். அதன் பின்னரே உபதேசிக்கத் தொடங்கினார். நம் வீடுகளிலோ பெரும்பாலும் உபதேசம் முன்னே வருகின்றது, கேட்டல் வருவதேயில்லை. ஆதலால் மறுப்புக் கடிதம் வந்த வீட்டில் முதலிற் செய்யவேண்டியது, அப்பிள்ளை பேசும் வரை காத்திருந்து, பேசும்போது குறுக்கிடாது கேட்டலேயாகும்.

ஆனால் துயரத்துக்கும் ஓர் எல்லையுண்டு. வாரக்கணக்காக உறக்கமும் உணவுமின்றி ஒருவர் இருந்தாலும், தாம் வாழ்ந்தென்ன பயன் என்ற பேச்சு வாயில் வந்தாலும், அதை வெறும் சோர்வென்று விடுதல் தகாது. உடனே வைத்தியரிடம் அழைத்துச் செல்லுங்கள். நம் நாட்டில் தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்னும் தொலைபேசி இலக்கத்துடன் பேசலாம். காய்ச்சலுக்கு மருந்தெடுப்பதில் இல்லாத வெட்கம் இதில் ஏன் இருக்கவேண்டும்? விமான ஓட்டிகளாக விரும்புவோர் தங்கள் வைத்தியச் சான்று போய்விடுமென்று அஞ்சி மனநோவை மறைப்பதுண்டு. மறைப்பதே பெரிய அபாயம். சிகிச்சை பெற்றுத் தேறியவர் மீண்டும் பறப்பதற்குப் பல நாடுகளின் விதிகள் இன்று வழி வைத்திருக்கின்றன.

இனி, துயரம் சற்றே தணிந்தபின் ஆராயவேண்டியது, அந்த மறுப்பு எத்தகையது என்பதாகும். எல்லா மறுப்பும் ஒரே வகையினதன்று. கடிதங்கள் மட்டும் ஒரே வாசகத்தில் இருக்கின்றன. மூன்று வகையாக அவற்றைப் பிரித்துப் பார்க்கலாமென்று எமக்குத் தோன்றுகின்றது.

முதலாவது, ஆசனம் போதாமையால் வரும் மறுப்பு. இதற்கு நம் அயலிலேயே சிறந்த சான்றொன்று உண்டு. பாக்கு நீரிணைக்கு அக்கரையில், இராமேசுவரத்தில், 1931ஆம் ஆண்டு பிறந்த அப்துல் கலாம் அவர்கள் சென்னையில் விமானப் பொறியியல் கற்றவர். விமானப் படையில் விமான ஓட்டியாவதே அவருடைய இளமைக் கனவு. டேராடூன் நகரில் நடந்த தெரிவுக்குச் சென்றார். தோற்றியவர் 25 பேர். எடுக்கப்பட்டவர் 8 பேர். கலாம் அவர்களின் இடம் ஒன்பதாவது. ஒன்பதாம் இடத்தைப் பெற்ற அன்று அவர் முதல் நாளிலும் பார்க்க அறிவிற் குறைந்தவராகிவிட்டாரா? ஆசனங்கள் ஒன்பதாயிருந்தால் அவர் விமான ஓட்டி, எட்டாயிருந்தமையால் அல்லர். இந்த எண் வேற்றுமையைத் தம் தகுதியின் அளவென்று எண்ணி வாலிபர்கள் தம்மைத் தாமே இழிவுபடுத்திக்கொள்ளுகின்றார்கள்.

மனமுடைந்த கலாம் அவர்கள் அங்கிருந்து இருடிகேசம் சென்றார். கங்கையில் நீராடிச் சுவாமி சிவானந்தரின் ஆச்சிரமத்துக்குப் போனார். சிவானந்தர் யார்? 1887இல் திருநெல்வேலிச் சீமையிலுள்ள பத்தமடையிற் பிறந்து, மலாயாவில் வைத்தியராகப் பணிபுரிந்து, பின் துறவு பூண்டவர். 1936இல் தெய்வ நெறிக் கழகத்தை நிறுவியவர். 1950ஆம் ஆண்டு தம் யாத்திரையில் இலங்கைக்கும் எழுந்தருளியவர். தம்மிடம் வந்த வாலிபர் இசுலாமியர் என்பதைச் சுவாமிகள் ஒரு பொருட்டாகக் கொள்ளவில்லை. முகத்திலிருந்த வாட்டத்தைக் கண்டு காரணங் கேட்டார். கேட்டபின், இந்தத் தோல்வியைக் கடந்து, தாம் எப்பணிக்காகப் பிறந்தவர் என்பதைத் தேடிச் செல்லுமாறு ஆற்றியனுப்பினார். இதனைக் கலாம் அவர்களே தம் வாழ்க்கை வரலாற்றில் எழுதி வைத்திருக்கின்றார்.

அவர் அடுத்துச் செய்ததே நமக்கு முக்கியமானது. டேராடூனுக்குப் போகுமுன்னரே டில்லியில் பாதுகாப்பு அமைச்சின் விமானத் தொழினுட்பப் பிரிவொன்றிலும் அவர் நேர்முகப் பரீட்சைக்குத் தோற்றியிருந்தார். திரும்பிச் சென்று, அங்கே மாதம் 250 ரூபா அடிப்படைச் சம்பளத்தில் விஞ்ஞான உதவியாளராகச் சேர்ந்தார். 1979 ஓகஸ்ட் 10இல் அவர் தலைமையில் ஏவிய ரொக்கெட் கடலில் வீழ்ந்தது. 1980 யூலை 18இல் அடுத்தது வெற்றி பெற்றது. பெரிய தோல்வியைத் தாங்கும் வலிமை, சிறிய தோல்வியை முன்னரே தாங்கியமையால் வந்ததென்றே நாம் கருதுகின்றோம்.

ஆசனம் போதாமை காலத்தைப் பொறுத்தும் வரும். 2019ஆம் ஆண்டில் உலகமெங்கும் ஏறத்தாழ 450 கோடி பிரயாணிகள் விமானத்திற் பயணஞ் செய்தனர். கொள்ளைநோய் பரவிய 2020இல் அத்தொகை ஏறத்தாழ 180 கோடியாகச் சுருங்கியது. பல்லாண்டு அனுபவமுள்ள விமான ஓட்டிகளே வீட்டுக்கு அனுப்பப்பட்டனர். அவ்வாண்டில் பயிற்சி முடித்து வெளிவந்த வாலிபனின் குற்றம் யாது? நேரம் சரியில்லை என்று பெரியோர் சொல்லும் வார்த்தைக்கு இவ்வளவில் உண்மை உண்டு. ஆனால் எல்லா மறுப்பையும் ஏழரைச் சனியின் தலையிற் சுமத்திவிட்டால், நாம் திருத்தக்கூடியதைத் திருத்தாமல் விட்டுவிடுவோம்.

அந்தத் திருத்தக்கூடிய குறையினால் வருவதே இரண்டாம் வகை. நம் வாலிபர் நான்கு மாதங் கழித்து ஒரு நாள் மாலை இம்மண்டபத்துத் திண்ணையில் வந்திருந்து, நேர்முகப் பரீட்சையில் நடந்ததை எமக்குச் சொன்னார். கணக்கிலும் பௌதிகத்திலும் அவர் சித்தியடைந்திருந்தார். பாவனை விமானத்தில், சிமியுலேற்றர் என்பார்களே அதில், அவருடைய கை நிதானமாகவே இருந்ததாம். கடைசியில் தெரிவுச் சபையார் ஒரு கேள்வி கேட்டனர். உம்முடைய கப்டன் தவறு செய்கின்றார் என்று நீர் கண்டால் என்ன செய்வீர் என்பது கேள்வி. இவர் கைகட்டி நின்று வளர்ந்த பிள்ளை. "அவர் என்னிலும் மூத்தவர், அனுபவசாலி, அவர் சொற்படி நடப்பேன்" என்றார். மற்றொருவர், நீர் செய்த தவறொன்றைச் சொல்லும் என்றார். தவறொன்றும் ஞாபகத்தில் இல்லை என்று இவர் விடையளித்தார். சபையார் ஒருவர் எதையோ குறித்துக்கொண்டார். காரணம் இதுதானென்று கம்பனி சொல்லவில்லை, பெரும்பாலும் சொல்வதுமில்லை. ஆயினும் அந்த விடைகளைச் சற்று ஆராய்தல் நன்று.

1977 மார்ச் 27இல் கனேரித் தீவுகளிலுள்ள தெனெரீபேயில், பனிமூட்டத்தில், இரண்டு பெரிய போயிங் 747 விமானங்கள் ஓடுபாதையில் ஒன்றோடொன்று மோதின. 583 பேர் மாண்டனர். புறப்பட ஓடிய விமானத்தின் கப்டன் மிக்க அனுபவமுடையவர். மற்ற விமானம் இன்னும் பாதையை விட்டு விலகவில்லையோ என்று அவருடைய எஞ்சினியர் ஐயுற்றுக் கேட்டார். கப்டன் உறுதியாக மறுமொழி சொன்னார். எஞ்சினியர் அதற்குமேல் வற்புறுத்தவில்லை. அடுத்த ஆண்டு, 1978 டிசெம்பர் 28இல், அமெரிக்காவின் போர்ட்லன்ட் நகருக்கு அருகே ஒரு விமானம் எரிபொருள் தீர்ந்து வீழ்ந்து 10 பேர் இறந்தனர். சக்கரக் கோளாறொன்றைக் கப்டன் ஆராய்ந்துகொண்டிருக்க, எரிபொருள் குறைவதைக் கூட இருந்தவர்கள் கண்டும், உறைக்கும்படி எடுத்துரைக்கவில்லை. இவ்வகை விபத்துக்களை ஆராய்ந்து 1979இல் அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசா ஒரு கருத்தரங்கு கூட்டியது. விமான அறையில் இருப்போர் மூத்தோர் இளையோர் என்ற பேதத்தால் வாயடைத்துப் போகாமல், பணிவோடும் துணிவோடும் பேசப் பழக்கும் பயிற்சி அதிலிருந்து வளர்ந்தது. இன்று உலகெங்கும் விமான ஓட்டிகளுக்கு அது கட்டாயப் பாடம். ஆகவே சபையார் அக்கேள்வியைக் கேட்டது நம் பிள்ளையை மடக்குவதற்காக அன்று. பின்னால் அமர்ந்திருக்கும் பிரயாணிகளின் உயிரை எண்ணியே கேட்டனர்.

பெரியோர்களே, இவ்விடத்தில் உங்களிடம் ஒரு வார்த்தை பணிவாகச் சொல்லவேண்டும். பெரியோர் சொல்லுக்கு மறுசொல் பேசாதிருத்தல் மரியாதை என்றே நாம் பிள்ளைகளை வளர்த்து வருகின்றோம். தகப்பனுக்கே குருவாகிப் பிரணவப் பொருளை உபதேசித்த முருகப் பெருமானைச் சுவாமிநாதன் என்று போற்றி வழிபடுகின்ற நாம், நம் பிள்ளை ஒரு பிழையைச் சுட்டிக்காட்டினால், வாய்காட்டாதே என்று அடக்குகின்றோம். மரியாதையோடு உண்மையைச் சொல்லவும், தன் பிழையை ஒளியாமல் ஒப்புக்கொள்ளவும் வீட்டிலே பழகாத பிள்ளை, நேர்முகப் பரீட்சை நாளில் திடீரென்று எப்படிப் பழகும்?

இவ்வகைக் குறையைத் திருத்துவதற்கு வாலிபர்கள் செய்யக்கூடியவை சில உண்டு. பரீட்சை முடிந்த அன்றிரவே, கேட்ட கேள்விகளையும் சொன்ன விடைகளையும் ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். ஒரு வாரம் போனால் மனம் அவற்றை மாற்றிவிடும். எவ்விடயத்தில் நான் திருந்தவேண்டும் என்று கம்பனிக்குப் பணிவாக ஒரு முறை எழுதிக் கேளுங்கள். விடை வந்தால் நன்று, வராவிட்டால் மீண்டும் மீண்டும் எழுதி இரக்க வேண்டாம். அத்தொழிலில் உள்ள மூத்தவர் ஒருவர் முன்னிருந்து அவ்விடைகளை மறுபடி சொல்லிப் பாருங்கள். நம் வாலிபர் தம் கொப்பியில் முதலில் எழுதியது, தவறொன்றும் ஞாபகத்தில் இல்லை என்று தாம் சொன்ன விடையைத்தான். அதன் கீழே, பயிற்சிக் காலத்தில் தாம் செய்த பதினொரு தவறுகளை அவரே எழுதினார்.

மூன்றாவது, நம் முயற்சியால் மாற்றவியலாத காரணத்தினால் வரும் மறுப்பு. இதில் இரு கிளைகள் உண்டு. ஒன்று உடலமைப்பு. நிறங்களைப் பிரித்தறியும் ஆற்றலில் குறைவிருப்பது வைத்தியப் பரிசோதனையிலேயே தெரியவருவதுண்டு. அவ்வாறாயின் அடுத்த வைத்தியரின் கருத்தை ஒரு முறை கேட்கலாம். அதன்பின் வேறு வழியை நாடுதலே விவேகம். இதனாலேயே, காணியை ஈடு வைப்பதற்கு முன்னர் முதலாந் தர வைத்தியப் பரிசோதனையை முடித்துக்கொள்ளும்படி ஒவ்வொரு பெற்றோரையும் கேட்டுக்கொள்ளுகின்றோம்.

மற்றொன்று அநீதி. அமெரிக்காவிலே மார்லன் கிறீன் என்ற கறுப்பின விமான ஓட்டி, விமானப் படையிற் பல்லாண்டு பறந்தவர், 1957இல் கொன்டினென்டல் எயர்லைன்ஸ் கம்பனிக்கு விண்ணப்பித்தார். பறக்கும் பரீட்சையிலும் தோற்றினார். அவரிலும் பார்க்கக் குறைந்த மணித்தியாலம் பறந்தவர்கள் எடுக்கப்பட்டார்கள், அவர் விடப்பட்டார். நிறமே காரணமென்று கண்ட அவர் சட்டத்தை நாடினார். ஆறாண்டு வழக்கின் முடிவில், 1963 ஏப்பிரல் 22இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒருமனதாக அவர் பக்கம் தீர்ப்பளித்தது. 1965இல் அதே கம்பனியில் விமான ஓட்டியாகச் சேர்ந்து 1978 வரை பறந்தார். 2010இல் அக்கம்பனி தன் விமானமொன்றுக்கே அவர் பெயரைச் சூட்டியது. எட்டாண்டு காத்திருக்க எல்லாராலும் இயலாது. அதை நாம் மறைக்கவில்லை. ஆனால் அநீதியைத் தம் குறையென்று அவர் ஏற்றுக்கொள்ளவில்லை என்பதைக் கவனியுங்கள். சான்றுகள் இருந்தால் நியாயம் கேளுங்கள். சான்றின்றி, செல்வாக்குள்ளவன் பிள்ளைக்குக் கொடுத்துவிட்டார்கள் என்று திண்ணையிலிருந்து பேசுவதால் மட்டும் எவருக்கும் பயனில்லை.

வாலிப அன்பர்களே, இந்தத் தொழிலே நமக்குக் கற்பிக்கும் பாடங்கள் இரண்டைச் சொல்லுகின்றோம். தரையிறங்க வரும் விமானம் ஓடுபாதைக்கு ஒழுங்காக வந்து சேரவில்லை என்று கண்டாலும், வழக்கமான கருவி முறை இறக்கத்தில் 200 அடி உயரமளவில் வந்தும் பாதை கண்ணுக்குத் தெரியாவிட்டாலும், விமான ஓட்டி என்ன செய்கின்றார்? எஞ்சினின் வேகத்தைக் கூட்டி மீண்டும் மேலெழுந்து, சுற்றிக்கொண்டு மறுமுறை வருகின்றார். கோ-அரவுண்ட் என்று அதற்குப் பெயர். அப்படிச் செய்தவரை எவரும் தோற்றவர் என்று சொல்வதில்லை. விடாப்பிடியாக இறங்கப் பார்த்தவரே விபத்தில் மாட்டுகின்றார். மேலெழுந்தவர் சுற்றி வரும்போது, முன்முறை ஏன் சரிவரவில்லை என்பதை ஆராய்ந்து, திருத்திக்கொண்டே வருகின்றார்.

இரண்டாவது பாடம் மாற்று நிலையம். கட்டுநாயக்காவுக்குப் புறப்படும் விமானம், அங்கே இறங்க முடியாமற் போனால் மத்தளையிலோ, திருவனந்தபுரத்திலோ, சென்னையிலோ இறங்குவதற்கு வேண்டிய எரிபொருளையும், அதற்கு மேலாக அரை மணித்தியாலம் வானில் நிற்பதற்கான எரிபொருளையும் சேர்த்தே ஏற்றிச் செல்லுகின்றது. மாற்று நிலையத்தைக் குறித்துக்கொண்டு புறப்பட்டவரை, கட்டுநாயக்காவில் நம்பிக்கையற்றவர் என்று யாராவது சொல்வார்களா? கலாம் அவர்களுக்கு டில்லி உத்தியோகம் அத்தகைய மாற்று நிலையமாயிற்று. விமானப் பயிற்சி பெற்றவருக்கு, பயிற்சி ஆசிரியராதல், சிறிய விமானங்களில் மணித்தியாலம் சேர்த்தல், மாலைதீவின் நீர்விமானங்கள், விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாடு, விமானத் திருத்த வேலை எனப் பல நிலையங்கள் உண்டு. இதனுடன் வைத்தியச் சான்றையும் காலந் தவறாது புதுப்பித்து வாருங்கள். நாற்பது வயதுக்குட்பட்டவர்க்கு அது பன்னிரண்டு மாதமே செல்லும். மனச்சோர்வினால் அதைக் காலாவதியாக விட்டவர், வாய்ப்பு வரும்போது வாசலிலேயே நிற்க நேரும்.

பெற்றோருக்கும் பெரியோருக்கும் மூன்று வேண்டுகோள்கள். கடன் பேச்சைச் சாப்பாட்டு வேளையில் எடுக்காதீர்கள். ஆனால் மறைக்கவும் செய்யாதீர்கள். ஒரு நாள் குறித்து, கடதாசியில் முதல் எவ்வளவு, வட்டி எவ்வளவு, மாதம் எவ்வளவு கட்டலாம் என்று பிள்ளையுடன் இருந்து கணக்கெழுதுங்கள். இருட்டிலே பூதமாய்த் தெரிந்த கடன், கணக்கில் ஓர் எண்ணாகிவிடும். இரண்டாவது, மற்றவர் பிள்ளையோடு ஒப்பிடாதீர்கள். மூன்றாவது, படலையில் அயலவர் கேட்டால் மறுமொழி சொல்லும் வேலையைப் பிள்ளைக்கு விடாமல் நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள். நம் வாலிபரின் தகப்பனார் இதனைச் செய்தார். "இம்முறை கிடைக்கவில்லை, தம்பி திரும்பவும் முயற்சி செய்யிறான்" என்று படலையில் நின்று உரத்த குரலிற் சொன்னார். அறைக்குள் இருந்த மகன் அதைக் கேட்டார். அடுத்த வெள்ளிக்கிழமை அவர் பிரார்த்தனைக்கு வந்தார்.

அவர் இப்போது விமான ஓட்டியாகிவிட்டாரா என்று கேட்பீர்கள். இல்லை. பகலில் ஒரு கம்பனியிற் கணக்கு வேலை பார்க்கின்றார். சம்பளத்தில் ஒரு பங்கு ஈட்டுக் கடனுக்கும், ஒரு பங்கு அனுமதிப் பத்திரத்தை உயிரோடு வைத்திருக்கும் பறப்புக்கும் போகின்றது. சனிக்கிழமைகளில் இம்மண்டபத்திலேயே உயர்தர வகுப்பு மாணவர்க்குப் பௌதிகம் சொல்லிக்கொடுக்கின்றார். வகுப்பிலே தாம் பிழையாக எழுதினால் எழுந்து சொல்லவேண்டும் என்பது அவர் மாணவர்க்கு வைத்திருக்கும் விதி. இரண்டாவது நேர்முகப் பரீட்சைக்கு விண்ணப்பித்திருக்கின்றார். முடிவு எப்படியாகுமென்று நாமறியோம். மறுபடி நான்கு வரிக் கடிதமே வந்தாலும் இவ்வீட்டில் படலை மூடப்படாது என்பதை மட்டும் அறிவோம்.

டேராடூனில் ஒன்பதாவதாக நின்ற கலாம் அவர்கள் 2002 முதல் 2007 வரை இந்தியக் குடியரசின் தலைவராயிருந்தார். 2006 யூன் 8இல், தமது 74ஆவது வயதில், பூனாவிலுள்ள விமானப் படைத் தளத்திலிருந்து சுகோய்-30 போர் விமானத்தில் துணை விமானியின் ஆசனத்தில் அமர்ந்து பறந்தார். எல்லார்க்கும் அப்படி வாய்க்குமென்று நாம் வாக்குக் கொடுக்கவில்லை. அந்த ஆசனம் வாய்த்திராவிட்டாலும் அவருடைய வாழ்வு நிறைவுடையதே. இடைப்பட்ட ஏறத்தாழ ஐம்பதாண்டு உழைப்பையே நீங்கள் மனத்திற் கொள்ளவேண்டும்.

நாளை இக்கூட்டத்திலுள்ள யாருக்கேனும் அக்கடிதம் வரலாம். வந்தால், அதைக் கையில் எடுத்துக்கொண்டு இம்மண்டபத்துத் திண்ணைக்கு வாருங்கள். மூன்றில் எந்த வகை என்று சேர்ந்திருந்து பார்ப்போம். முயற்சியை நம்மிடமும் பயனைத் தன்னிடமும் வைத்துக்கொண்ட இறைவன், முயலும் மனவலியையும் நமக்கு அருளுவானாக.